கேமரா வாய் திறக்கட்டும்... ஆனால் யார் காதில்?

காட்டுப்பாக்கத்தில் மவுண்ட்-பூந்தமல்லி சாலையை விட்டு உள்தெருக்களில் நுழைந்தால், வாசல் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கேமரா எட்டிப் பார்ப்பது இப்போது சகஜம். ஏ.கே.விஸ்வநாதன் சென்னை காவல் ஆணையராக இருந்த 2017-2020 காலத்தில், 'மூன்றாவது கண்' என்ற பெயரில் வீட்டுக்காரர்களையும் கடைக்காரர்களையும் கேமரா வைக்கச் சொல்லி காவல்துறை ஊக்கப்படுத்தியது. 2022 ஜனவரியில் ஆவடிக்குத் தனி ஆணையரகம் வந்து, பூந்தமல்லி வட்டாரம் அதன் கீழ் போனது. ஆணையரகம் மாறினாலும் கேமரா ஆசை மாறவில்லை!

சரி, இத்தனை கண்கள் என்ன செய்கின்றன? பார்க்கின்றன. அவ்வளவுதான்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போன வீட்டில் ஒருவன் பூட்டை உடைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வந்தது, போனது எல்லாம் டி.வி.ஆரில் அழகாகப் பதிவாகும். (டி.வி.ஆரையே தூக்கிக்கொண்டு போனால் அதுவும் இல்லை!) பி.காம் படிப்பவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம். பதிவு என்பது வருடக் கடைசித் தணிக்கை. பணம் எப்படிப் போனது என்று போன பிறகு சொல்லும். அலாரம் என்பது, கல்லாவில் கை வைக்கும்போதே "யாரது?" என்று கேட்கும் ஆள். வீட்டுக்கு இரண்டுமே வேண்டும்.

வீட்டுக் கேமராவுக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நியூயார்க்கில் நர்ஸாக இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-ல் விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. கதவில் கேமரா, உள்ளே டி.வி., வெளியே நிற்பவரிடம் பேச மைக், கூடவே உதவிக்கு ஆள் அழைக்க ஒரு பட்டன்! பார்ப்பதும் கூப்பிடுவதும் ஒன்றாகவே பிறந்தன. நாம்தான் பார்ப்பதை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டோம்.

இத்தனைக்கும் வசதி கையிலேயே இருக்கிறது. பெரும்பாலான டி.வி.ஆர்களின் மெனுவில் மோஷன் டிடெக்ஷன் பகுதியில் 'பஸ்ஸர்' என்று ஒன்று உண்டு. டிக் போட்டால், அசைவு தெரிந்ததும் பெட்டி கீச்சிடும். அந்தச் சத்தம் ஹாலைத் தாண்டாது. பெட்டியின் பின்னால் 'அலாரம் அவுட்' முனை இருந்தால், ரிலே வழியாக 12 வோல்ட் சைரன் ஒன்றை வெளியே மாட்டலாம். கரண்ட் போனாலும் வேலை செய்ய வேண்டுமானால், கேமராக்களையும் டி.வி.ஆரையும் சைரனையும் யு.பி.எஸ்ஸில் இணைக்க வேண்டும். போனுக்கு எச்சரிக்கை வர வேண்டுமென்றால் மோடத்தையும்தான்.

பிறகு ஏன் பலர் இதை அணைத்து வைக்கிறார்கள்? பொய்க் கூப்பாடுதான் காரணம். சாதாரண மோஷன் டிடெக்ஷனுக்குத் திருடனைத் தெரியாது. படத்தில் ஏதோ மாறியது என்பது மட்டும்தான் தெரியும். தென்னை ஓலை ஆடினாலும், தெருநாய் கடந்தாலும், லென்ஸில் சிலந்தி வலை கட்டினாலும் கத்தும். நாலாவது நாள் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பத்தாவது நாள் உண்மையிலேயே திருடன் வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். புலி வருது கதைதான்! அமெரிக்காவில் போலீசுக்குப் போகும் திருட்டு அலாரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பொய்யானவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் 2000-ல் சால்ட் லேக் சிட்டியில், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும் என்று விதியே போட்டார்கள்.

ஆக, அலாரம் குறைவாகக் கத்தினால்தான் அதற்கு மதிப்பு. தெருவை விட்டுவிட்டு, கேட்டுக்கு உள்ளே இருக்கும் இடத்தை மட்டும் கட்டம் போட்டுக் காட்டலாம். இரவிலும் வீடு பூட்டியிருக்கும்போதும் மட்டும் இயங்கும்படி நேரம் குறிக்கலாம். மனித உருவத்தை மட்டும் கண்டுபிடிக்கும் கேமரா என்றால் இன்னும் நல்லது. இல்லையென்றால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையும் கூரியர் பையனையும் பட்டப்பகலில் திருடனாக்கி நிற்க வைப்போம். அந்த அவமானம் யார் கணக்கில் எழுதப்படும்?

இன்னொன்றும் உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி அளவு 45 டெசிபல்தான். சைரன் அதைவிடப் பல மடங்கு சத்தம். ஆபத்தில் யாரும் கோபிக்க மாட்டார்கள். தினமும் கத்தினால்?

கடைசியில் கேள்வி இதுதான். சைரன் அடித்தால் யார் வருவார்கள்? நாம் ஆபீசில் இருப்போம், போலீஸ் வர நேரமாகும். முதலில் எட்டிப் பார்க்கப் போவது எதிர்வீட்டு அக்காவும் பக்கத்து வீட்டு மாமாவும்தான். அந்த அக்காவின் போன் நம்பர் எத்தனை பேரிடம் இருக்கிறது? "சைரன் அடித்தால் வெளியே வராதீங்க, ஜன்னல் வழியா பார்த்து எனக்கும் 100-க்கும் போன் பண்ணுங்க" என்று எத்தனை பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள்? பேசிப் பழகாத தெருவில் சைரன் வெறும் இரைச்சல்.

கேமரா வாங்குங்கள், சைரனும் மாட்டுங்கள். ஆனால் ஆன் செய்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுங்கள். அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவு இல்லை!