நாற்றுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஐந்தருவியில் விழும் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து, வழியில் குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மிஞ்சியது புன்னக்காயலில் கடலைத் தொடுகிறது. மேலே மருதமும் நாவலும், கீழே அலையாத்திக் காடும் இந்தத் தண்ணீரை நம்பியே நிற்கின்றன. ஆனால் மரம் நடும்போது நாம் கேட்பது, ‘எத்தனை கன்று?’ என்பதுதான். ‘இங்கே தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்?’ என்று கேட்பதில்லை.

பிச்சாவரம் நல்ல பாடம். மரம் வெட்டப்பட்ட இடங்களில் மண் தாழ்ந்தது. கடல்நீர் தேங்கி, வற்றி, உப்பு ஏறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்தன. அதன் பிறகே அங்கு நட்ட கண்டல் கன்றுகள் பிழைத்தன.

நம் குளங்களுக்கும் இதே கணக்குதான். சில மாதம் தண்ணீர் நிற்கும் உள்வாயில் நாட்டுக் கருவேல், நீர்க்கடம்பு. ஆற்றோரம், ஓடையோரம் நீர்மருது, நாவல். அதற்கும் மேட்டில் புங்கன், இலுப்பை. குளக்கரையின் மேல் பெரிய மரம் வேண்டாம். வேர் மட்கினால் கசிவுக்கு வழியாகும். அங்கே பனை போதும்.

நாவல் கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆனி, ஆடியில் பழம் கிடைத்த கையோடு விதையுங்கள். நீர்மருதுக் காயை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து விதையுங்கள். ஓராண்டு வளர்ந்த கன்றை அடுத்த சாரலில் ஆற்றோரத்தில் நட்டால், ஐப்பசி வெள்ளத்துக்கு முன் வேர் பிடித்துவிடும். உள்வாயில் மண்மேடு போட்டு உயரமான கன்றையே நட வேண்டும். முழ உயரக் கன்று மூழ்கி அழுகிவிடும்.

ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டும் தண்ணீரை ‘கடலில் வீணாகிறது’ என்கிறோம். கண்டல் உப்பைத் தாங்கும். நன்னீர் கலந்தால்தான் செழிக்கும். கடைமடைக்கும் அப்பால் இருக்கும் மீனவருக்கு அந்தக் காடுதான் மீன்குஞ்சு வளரும் நாற்றங்கால். அதற்குரிய பங்கை விட்டுத்தான் ஆக வேண்டும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை: நட்ட கன்றுகளை எண்ணிக் கணக்கு முடிக்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் நிற்கும் மரங்களை எண்ணி ஊராட்சிக்குத் தொகை கொடுங்கள். நாவல் பழம், புங்கன் கொட்டை வருமானத்தில் பாசனச் சங்கத்துக்குப் பங்கு இருந்தால், ஆடு மேயாமல் காக்க ஊரே முன்வரும்.

உழவர்களே, புறம்போக்கில் நட ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் அனுமதி பெறுங்கள். அதற்கு முன், இந்த மழையில் உங்கள் குளத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று குச்சி நட்டுக் குறித்து வையுங்கள். எந்த மரம் எங்கே என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.