உலகத்தைப் படைச்சாச்சு, கரண்ட் பில் யார் கட்டுறது?

பி.காம் படிக்கிறவன் எதுக்குடா கேம் பத்தி எழுதுறான்னு நினைக்காதீங்க. சுத்தி வளைச்சு காஸ்ட் அக்கவுண்டிங்லதான் வந்து நிக்கப் போறேன் :)

மைன்கிராஃப்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கட்டம் கட்டமான உலகத்துல வெட்டி எடுத்து, அடுக்கி, கட்டுற விளையாட்டு. அதுக்கு ரசிகர்களே எழுதிச் சேர்க்குற மாற்றங்களை 'மாட்'னு சொல்வாங்க. அதுல என்னைப் பிடிச்சு ஆட்டி வச்சது ஆர்எஃப்டூல்ஸ் டைமென்ஷன்ஸ். நாமே ஒரு புது உலகத்தை வடிவமைக்க அதுல மெஷின் இருக்கு. நிலம் எப்படி இருக்கணும், வானம் என்ன நிறம், என்ன தாது கிடைக்கணும், எந்த மிருகம் திரியணும், எல்லாத்துக்கும் 'டிம்லெட்'னு சின்னச் சின்னச் சில்லுகள். அதையெல்லாம் தேடிச் சேர்த்து ஒரு மெஷின்ல எழுதணும். இன்னொரு மெஷின் மின்சாரத்தைக் குடிச்சு அந்த உலகத்தை உருவாக்கும். நாம சொல்லாம விட்டதை அதுவே இஷ்டத்துக்கு நிரப்பிக்கும்.

இதுவரைக்கும் ஜாலிதான். வில்லங்கம் இதுக்கப்புறம்தான். ஒவ்வொரு டிம்லெட்டுக்கும் ரெண்டு விலை: உலகத்தை உருவாக்க ஒண்ணு, அது இருக்கிற வரைக்கும் நடத்த இன்னொண்ணு. பேராசைப்பட்டா ரெண்டும் ஏறும். மின்சாரம் குறைஞ்சா உள்ளே இருக்கிறவனுக்கு உடம்பு தளரும், கை ஓடாது. சுத்தமா தீர்ந்துட்டா ஆள் காலி.

நானும் செத்திருக்கேன். வைரம் கொட்டிக் கிடக்குற மாதிரி ஒரு உலகம் செஞ்சு, நிலக்கரி ஜெனரேட்டரை மாட்டிட்டு உள்ளே போனேன். வைரம் வெட்டுற சந்தோஷத்துல கரி போட மறந்துட்டேன். சேர்த்த வைரமும் போச்சு, நானும் போனேன். அன்னைக்கு வயிறு எரிஞ்சது. இப்போ யோசிச்சா, நான் பார்த்த கேம்லயே நேர்மையான விதி இதுதான்னு தோணுது. ஆசைப்பட்டவனே கரி போடணும். போடலைன்னா அவனே சாகணும்.

நிலக்கரின்னு சொன்னதும் எங்க ஏரியா ஆளுங்களுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். கொருக்குப்பேட்டையில கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி அத்திப்பட்டு புதுநகர்ல இறங்குங்க. புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும். வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல உற்பத்தியை ஆரம்பிச்சது. பக்கத்துல வல்லூர்ல 1500 மெகாவாட். 1970-ல வந்த எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017 மார்ச்ல மூடிட்டாங்க. கரி இறக்கத்தான் முக்கியமா எண்ணூர்த் துறைமுகத்தையே கட்டினாங்க, 2001-ல.

கரி எரிஞ்சா சாம்பல் வரும். அதைத் தண்ணில கரைச்சு குழாய் வழியா செப்பாக்கம் பக்கம் இருக்கிற சாம்பல் குளத்துக்கு அனுப்புறாங்க. குழாய் ஒழுகி ஒழுகி கொசஸ்தலை ஆத்துலயும் கழிமுகத்துலயும் சாம்பல் படிஞ்சிருக்கு. இறால் பிடிச்சவங்க பிழைப்பு போச்சு.

இந்த உலகத்தை வடிவமைச்சவங்க யாரும் அதுக்கு உள்ளே இல்லை. ஏசி ஓடுறது ஒரு இடத்துல, உடம்பு தளர்றது இன்னொரு இடத்துல. எங்க பாடத்துல இதை மூலதனச் செலவு, நடைமுறைச் செலவுன்னு பிரிப்போம். கட்டடம், மெஷின், திறப்பு விழா எல்லாம் கணக்குல வரும். மூச்சிரைப்பும், மீன் இல்லாத வலையும் எந்த லெட்ஜர்லயும் வராது. வராததால கரண்ட் மலிவா இருக்கிற மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.

"இடத்தை மாத்திட்டா போச்சு"ம்பாங்க. அதையும் பார்த்தாச்சு. ராயபுரம் பக்கம் கரித்தூசி தாங்கலைன்னு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2011-ல சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுறது நின்னுச்சு. நல்ல விஷயம்தான், இல்லேங்கல. ஆனா கரி எங்கே போச்சு? எண்ணூருக்கு. ஜெனரேட்டரைப் பக்கத்து ரூமுக்குத் தள்ளி வச்ச கதை.

"அப்போ உனக்கு கரண்ட் வேணாமா?"ன்னு கேட்பீங்க. வேணும். இதை டைப் பண்றதே அந்த கரண்ட்லதான். மின் நிலையத்தையே மூடுங்கன்னு நான் சொல்லலை. நடத்துற செலவை முழுசா எழுதுங்கன்னுதான் சொல்றேன். ஒழுகாத குழாய்க்கும், சாம்பலை அள்ளுறதுக்கும், மீனவருக்கு இழப்பீட்டுக்கும் ஆகுற காசையும் சேர்த்து யூனிட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க. அப்புறம் எனக்கு எத்தனை யூனிட் வேணும்னு நானே முடிவு பண்ணிக்கிறேன்.

இதே மைன்கிராஃப்ட்டை வச்சு 2012-ல இருந்து ஐ.நா. ஹாபிடாட் அமைப்பு 'பிளாக் பை பிளாக்'னு ஒரு திட்டம் நடத்துது. பார்க், மைதானம் எப்படி இருக்கணும்னு அந்தந்த ஏரியா மக்களையே கேமுக்குள்ள வடிவமைக்க விடுறாங்க. அருமையான யோசனை. எண்ணூருக்கும் அப்படி ஒண்ணு வந்தா, நான் கேட்கிறது ஒரே ஒரு மாற்றம்தான். அந்த டிம்லெட் மெஷின் மாதிரி, ஒவ்வொரு கட்டம் வைக்கும்போதும் ரெண்டாவது விலையும் பக்கத்துலயே தெரியணும். அதை யார் கட்டுறாங்கங்கிற பேரோட.

வைரத்துக்கு ஆசைப்பட்டு நான் செத்தேன். அது நியாயம். என் வைரத்துக்குச் செப்பாக்கத்துல ஒருத்தர் இருமுறது என்ன நியாயம்? சொல்லுங்க மக்களே.