இறங்கி வந்த பிறகு

பள்ளி முகாம் முடிந்த மறுவாரம், தமிழ் வகுப்பில் கட்டுரைக்குத் தலைப்புத் தேட வேண்டியதில்லை. 'நான் கலந்துகொண்ட முகாம்' என்று பலகையில் எழுதினால் போதும். தமிழாசிரியராக இருக்கும் தோழி ஒருவர் ஆண்டுதோறும் அந்தக் கட்டுரைகளைப் பெயர் மறைத்து எனக்குப் படிக்கத் தருவார். இந்த ஆண்டு 31 கட்டுரைகள் வந்தன. அதிகாலையில் படகுத்துறையில் கூடியது, பை கனத்தது, சுவர் ஏறும்போது கை நடுங்கியது, கீழே நின்ற நண்பர்கள் 'உன்னால் முடியும்' என்று கத்தியது, உச்சியில் தொங்கிய மணியை அடித்தது. கடைசி வரியில் 'மறக்க முடியாத அனுபவம்'.

மொழியில் பெரிய பிழைகள் இல்லை. ஆனால் 19 ஆண்டுகளாக முகாம்களில் பயிற்றுநராகக் கயிறு பிடித்துவரும் எனக்கு, நான் பார்த்த பிள்ளைகள் அந்தத் தாள்களில் தென்படவில்லை. பயந்தேன், ஏறினேன், வென்றேன் என்ற மூன்றே படிகளில் எல்லாருடைய கதையும் முடிந்துவிடுகிறது. இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியவர்கள் நாம்: பயிற்றுநர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், மதிப்பெண் போடும் மொழியாசிரியர்கள். இதைச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளி முகாமில் நடந்தது. ஏறுசுவரில் 15 வயது மாணவி ஒருவர் 8 மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டார். கயிறு என் கையில். கீழே அவருடைய குழுவினர் 11 பேரும் தொண்டை கிழியக் கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து, "இன்னும் ஒரு எட்டுதான்மா, வலது காலைத் தூக்கு" என்றேன். அவர் மேலிருந்து என்னவோ சொன்னார். காதில் விழவில்லை. சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு ஏறினார், மணியை அடித்தார். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. மாலையில் வட்டமாக உட்கார்ந்து பேசியபோது, பெருமையாக இருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். இரவு குழாயடியில் மெஸ் டின் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று தமிழில் சொன்னார்: "அக்கா, மேல இருந்தப்போ தொடைப் பட்டை லூசாகிட்டே வந்துச்சு. இறக்குங்கன்னுதான் கத்தினேன். யாருக்கும் கேக்கல."

டார்ச்சை எடுத்துக்கொண்டு பொருள் கிடங்குக்கு ஓடினேன். அவருடைய ஹார்னஸ் கழற்றிப் போட்டபடியே கிடந்தது. இடது தொடைப் பட்டையின் வாரைக் கொக்கியில் திருப்பிக் கோர்க்காமல் விட்டிருந்தார்கள். ஏறுவதற்கு முன் அதைச் சரிபார்த்தவள் நான். இடுப்புப் பட்டை உறுதியாக இருந்ததால் அந்தப் பிள்ளை தப்பித்தார். அன்றிரவே எழுதிக் கொடுத்தேன், நடைமுறைகள் மாறின. ஆனாலும் ஒன்று என்னை விடவில்லை. அந்த மாணவி குழாயடிக்கு வந்திராவிட்டால், அந்த நாள் எங்கள் பதிவேட்டில் ஒரு வெற்றியாகவே நின்றிருக்கும். அவருடைய பள்ளிக் கட்டுரையிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சாகசக் கல்வி என்ற நம் துறையின் பிறப்பிலேயே வெற்றிக் கதையின் விதை இருக்கிறது. நாஜிகளை எதிர்த்துச் சிறைப்பட்டு, ஜெர்மனியை விட்டு வெளியேறிய கல்வியாளர் கர்ட் ஹான், கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டோடு சேர்ந்து 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் முதல் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். போரில் கப்பல்கள் மூழ்கும்போது, உயிர்காப்புப் படகுகளில் அனுபவமுள்ள மூத்த மாலுமிகள் தாக்குப்பிடித்தார்கள், உடல் வலுவுள்ள இளைஞர்கள் மனம் தளர்ந்து இறந்தார்கள் என்று ஹோல்ட் கருதினார். இளைஞர்களின் மன உறுதியை வளர்ப்பதே அங்கே நோக்கம். சிங்கப்பூரில் அமைச்சர் கோ கெங் சுவீ புலாவ் உபின் தீவில் இதே வகைப் பள்ளியை நிறுவியது 1967இல். தேசிய சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். விடுதலை பெற்று இரண்டே ஆண்டான நாடு, தன் பிள்ளைகள் உரம்பெற வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை. விட்டுக்கொடுக்காதே, தாங்கிக்கொள், முடித்துக் காட்டு என்ற தொனி அந்தக் காலத்திலிருந்து வருகிறது.

இன்று படகில் வந்து இறங்குகிறவர்கள் வேறு. உயர்நிலை மூன்று மாணவர் அனைவரும் புலாவ் உபினில் 5 நாள் முகாமுக்குச் செல்லும் வகையிலான தேசியத் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து குழு அமைப்பது அதன் சிறப்பு. எனக்கு மிகவும் பிடித்த அம்சமும் அதுதான். எந்தப் பள்ளி என்ற கேள்வி இரண்டாம் நாள் கயாக்கிலேயே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாரும் வருகிறார்கள் என்றால், விரும்பாதவர்களும் வருகிறார்கள் என்று பொருள். நீச்சல் தெரியாதவர், இரவில் வெளிச்சமில்லாமல் உறங்கியறியாதவர், வீட்டில் பெரிய துயரத்தை விட்டுவிட்டு வந்தவர் என்று எல்லாரும் அந்த 5 நாள்களுக்குள் வருகிறார்கள். தாமாகக் கப்பல் வேலைக்கு வந்த இளைஞர்களுக்கென வகுத்த தொனியை இவர்களிடம் அப்படியே பயன்படுத்த முடியாது.

1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய புராஜெக்ட் அட்வெஞ்சர், இதே சிக்கலைச் சந்தித்தது. அங்கும் சாகசப் பயிற்சி, சாதாரணப் பள்ளியின் பாடவேளைக்குள் நுழைந்தது. எவ்வளவு தூரம் செல்வது என்பதை ஏறுபவரே முடிவுசெய்வார் என்ற நெறியைக் கார்ல் ரோன்கி அங்கே வளர்த்தெடுத்தார். நம் பயிற்றுநர் கையேடுகளில் இந்த நெறி இடம்பெறுகிறது. சுவரடியில் 11 பேர் ஒரே குரலில் கத்தும்போது அது அங்கே இருக்கிறதா? இறங்க நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கூச்சலை மீறி 'போதும்' என்று சொல்ல ஏறுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

கத்தி உற்சாகப்படுத்துவதால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நண்பர்களின் குரல் இல்லாமல் ஒருபோதும் ஏறியிருக்க மாட்டேன் என்று சொன்ன பையன்களையும் பெண்களையும் எனக்குத் தெரியும். அந்த மகிழ்ச்சி உண்மையானது. அந்தக் குரல்களுக்கு அடியில் இன்னொரு குரல் புதைந்துபோகிறது என்பதே என் கவலை.

அந்தக் குரல் எதைப் பேசுகிறது? குழாயடியிலும் கூடாரத்துக்குள்ளும் படகுக்குக் காத்திருக்கும் வரிசையிலும் பிள்ளைகள் சொல்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதில் உயரம் அபூர்வமாகத்தான் வருகிறது. மழையில் நனைந்த காலணியோடு மூன்று நாள் நடந்தது வருகிறது. கழிவறை தூரமாக இருந்ததால் மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்தது வருகிறது. இதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் மாதவிடாய் நாள்களில் இருந்த பெண்கள். வெப்பத்தில் நடக்கும் பிள்ளை தண்ணீரைத் தவிர்ப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சைவ உணவுப் பை மாறிப்போய், வெறும் பிஸ்கட்டோடு இரவைக் கழித்துவிட்டு, கேட்டால் குழுவுக்குத் தொந்தரவு என்று வாயே திறக்காத பையன் இருக்கிறான். வரைபடம் படிக்கத் தெரிந்தும் யாரும் தன்னைக் கேட்கவில்லை என்று மூன்றாம் நாள் அழுத பெண் இருக்கிறார். மெதுவாக நடந்ததால் மொத்தக் குழுவும் தன்னை வெறுக்கிறது என்று நம்பியவர் இருக்கிறார். அந்தக் குழுவினரைத் தனியே கேட்டபோது, அவரோடு நடந்ததால்தான் கடலைப் பார்க்க நேரம் கிடைத்தது என்றார்கள். இரு தரப்பினரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்துப் பேசவைத்திருந்தால் அந்த முகாமே வேறாகியிருக்கும். அன்று வட்டத்துக்கு எங்களிடம் 7 நிமிடம்தான் மிச்சமிருந்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நம் வட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பல இனப் பிள்ளைகள் கலந்த குழுவில் அது இயல்பு. தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். என்றாலும், வட்டத்தில் 'ஸ்கேர்ட்' என்று சொன்ன மாணவி ஒருவர், பிறகு என்னிடம் தனியே, "பயமெல்லாம் இல்லக்கா, கூச்சமா இருந்துச்சு" என்றார். ஹார்னஸ் பட்டைகள் உடம்பை இறுக்க, கீழே பையன்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, எப்படி ஏறுவது? அந்த மாணவிக்கு நாங்கள் உயரப் பயத்துக்கான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நீளமான சட்டை ஒன்றும் பெண்கள் மட்டும் நிற்கும் ஒரு சுவரும் போதுமாயிருந்தன. மறுநாள் அவர் இரண்டு முறை ஏறினார். பயம், கூச்சம், அருவருப்பு, தயக்கம் ஆகிய நான்கையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறோம். தமிழ் தெரிந்த பயிற்றுநர்களும் உடன்வரும் தமிழாசிரியர்களும் இதற்குப் பெரிய உதவி செய்ய முடியும். மலாய், சீனம் பேசும் நண்பர்களும் தங்கள் பிள்ளைகளிடம் இதையே கண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஜான் ஹாட்டியும் வேறு மூன்று ஆய்வாளர்களும் 1997இல் சாகசக் கல்வி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முகாம் முடிந்தவுடன் கிடைத்த பலன், வேறு பல கல்வித் திட்டங்களில் நேர்வதுபோலத் தேயாமல், பிந்தைய மாதங்களில் மேலும் கூடியது என்பதே நம் துறையினர் அடிக்கடி மேற்கோள் காட்டும் முடிவு. அதே ஆய்வு, திட்டத்துக்குத் திட்டம் பலன் பெரிதும் வேறுபட்டதையும் காட்டியது. இதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பலன் பிறகு வளர்கிறது என்றால், பிறகு என்ன நடக்கிறது என்று நாம் கேட்டறிய வேண்டாமா? படகு கரை சேர்ந்ததும் மதிப்பீட்டுத் தாளில் முகச்சித்திரத்துக்கு வட்டமிடச் சொல்லிவிட்டு, அடுத்த குழுவுக்குத் தலைக்கவசம் எண்ணப் போய்விடுகிறோம்.

கேட்பது பாதுகாப்பின் பகுதி என்பதற்கு நம் துறையின் வரலாறே சாட்சி. 1993 மார்ச்சில் தென் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் ஓட்டச் சென்ற பள்ளி மாணவர் நால்வர் இறந்தார்கள். அந்த மையத்தில் முன்பு பணிபுரிந்த இரு பயிற்றுநர்கள், பாதுகாப்புக் குறைகளைப் பற்றி முந்திய ஆண்டே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. 1995இல் பிரிட்டனில் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கிய சட்டம் அந்தச் சாவுகளால் வந்தது. இங்கே சிங்கப்பூரில் 2021 பிப்ரவரியில், உயரத் தடைகளைக் கடக்கும் பயிற்சியில் நிலைதவறி ஹார்னஸில் தொங்கிய 15 வயது மாணவர் மறுநாள் உயிரிழந்தார். பள்ளிகளின் உயரப் பயிற்சிகள் உடனே நிறுத்தப்பட்டன. அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு முன் நாம் சொல்ல எதுவுமில்லை. கடமை மட்டும் இருக்கிறது. அதன்பின் நம் சரிபார்ப்புப் படிவங்கள் நீண்டன, நீண்டது நல்லது. ஆனால் நான் பார்த்த படிவங்கள் எதிலும், ஏறிய பிள்ளை தன் வாயால் சொன்னதை எழுத ஒரு கட்டம் இல்லை. பட்டை எங்கே நழுவியது, எங்கே அழுத்தியது என்று முதலில் அறிவது அதை அணிந்திருக்கும் உடம்புதான்.

சென்ற ஆண்டிலிருந்து நான் பொறுப்பேற்கும் குழுக்களில் சுவரடியில் யாரும் கத்துவதில்லை. ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் மட்டும் பேசுவார்கள். 'இறக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் கேள்வியில்லாமல் இறக்குவோம். கைதட்டல் கால் தரையில் பட்ட பிறகு, ஏறிய உயரம் எதுவானாலும். முதல் நாள் பிள்ளைகளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. சப்பென்று இருக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள், பாதியில் இறங்கிய ஒரு பையன் தானே மறுபடி வரிசையில் வந்து நின்றான். மாலை வட்டத்துக்காக ஒரு முழு நடவடிக்கையையே நீக்கினேன். பெற்றோர் கட்டணம் கொடுத்திருக்கிறார்களே என்று பள்ளியிலிருந்து கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான், விளக்கினோம். நனைந்த உடையை மாற்றி, ஏதாவது குடித்த பிறகு, 40 நிமிடம். 'என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இன்று என்ன நடந்தது' என்று மட்டும் கேட்கிறேன். பேச விரும்பாதவர் எழுதலாம், எந்த மொழியிலும்.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் கட்டுரைக்கு அடுத்த முறை, 'முகாமில் நான் யாரிடமும் சொல்லாதது' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். உச்சியை எட்டாத கட்டுரைக்கு முடிவு இல்லையென்று மதிப்பெண் குறைக்காதீர்கள். பள்ளி முதல்வர்களும் ஒன்று செய்யலாம். முகாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, பயிற்றுநர் ஒருவரை ஒரு பாடவேளைக்கு வகுப்புக்கு அழையுங்கள். நாங்கள் கட்டணமில்லாமல் வருவோம் என்று என் சக பயிற்றுநர்கள் சிலர் சார்பில் இங்கே எழுதிக் கொடுக்கிறேன்.

பயிற்றுநர் நண்பர்களே, இந்தப் பருவத்தில் உங்கள் குழுவின் முதல் பிள்ளை சுவரில் கால் வைக்கும்போது, கீழே நிற்பவர்களை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். மேலிருந்து வரும் சொல்லைக் கேளுங்கள். இரவில் அதை அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே, பெயரும் பள்ளியும் நீக்கி எழுதி, இந்த இதழுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழின் நடுப்பக்கங்கள் அவற்றுக்காகவே காத்திருக்கின்றன.