கடலுக்குள் ஒரு வசந்த காலம்



வசந்தம் என்றதும் தளிர் விடும் மரங்களும் பூத்துக் குலுங்கும் தோட்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடலுக்கும் ஒரு வசந்தம் உண்டு. அங்கே தழைப்பவை நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் மிதந்து செல்லும் நுண்ணுயிர்கள். அவற்றைப் பிளாங்டன் என்பர். மிதவை உயிர்கள் என்று தமிழில் கூறலாம். சூரிய ஒளியைக் கொண்டு தமக்கான உணவைத் தாமே ஆக்கிக் கொள்பவை தாவர மிதவைகள். அவற்றை மேய்ந்து வாழ்பவை விலங்கு மிதவைகள். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலின் தாவர மிதவைகளால் நிகழ்கிறது என்றால், அவற்றின் பெருமையை என்னென்பது!

கரையை அடுத்து, சுமார் 200 மீட்டர் ஆழம் வரை மெல்லச் சரிந்து செல்லும் கடற்பகுதியைக் கண்டத்திட்டுக் கடல் என்று புவியியலார் அழைக்கின்றனர். பிரிட்டனுக்கும் நார்வே, டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் இடையே கிடக்கும் வடகடல் இத்தகையது. அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 90 மீட்டர்தான். பனிக்காலமும் வசந்தமும் தெளிவாகப் பிரிந்து வரும் அக்கடலில், வசந்த கால மிதவைக் கூட்டத்தை உருவாக்குபவை எவை என்பதை இத்திங்கள் காண்போம்.

அரிசியும் நெருப்பும்

சோறாக்க அரிசியும் வேண்டும். அடுப்பில் நெருப்பும் வேண்டும். பனிக்காலப் புயல்கள் கடலை அடிவரை கலக்கி விடுகின்றன. அடியில் தங்கிய நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா முதலிய சத்துகள் மேலே வந்து சேர்கின்றன. அரிசி நிறைய இருக்கிறது. ஆனால் நெருப்பாகிய ஒளி போதவில்லை. பகற்பொழுது குறுகியது, சூரியனோ தாழ்ந்தே செல்கிறது. போதாக்குறைக்கு, கலங்கிச் சுழலும் நீரோடு தாவர மிதவையும் இருண்ட ஆழத்திற்கு இழுத்துச் செல்லப்படுகிறது.

நார்வே நாட்டுக் கடலியல் அறிஞர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் 1953ஆம் ஆண்டு இதற்கு ஒரு கணக்கைத் தந்தார். நீர் ஓர் எல்லைக்கு மேல் ஆழமாகக் கலங்கிக் கொண்டிருக்கும் வரை, மிதவைகள் ஒளியில் ஈட்டுவதை இருளில் இழந்து விடுகின்றன. கலக்கம் அந்த எல்லைக்கு மேலே அடங்கிய பிறகே பெருக்கம் தொடங்குகிறது. பின்வந்தோர் இதில் பல திருத்தங்களைச் சொன்னாலும், வசந்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி இன்றும் இக்கருத்திலிருந்தே தொடங்குகிறது.

ஆழமும் நீரோட்டமும்

கண்டத்திட்டுக் கடலில் இன்னொரு செய்தியும் சேர்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் கடலின் தரையே கலக்கத்திற்கு எல்லை கட்டி விடுகிறது. ஆயினும் வடகடலின் தென்பகுதியில் ஓதங்கள் சேற்றைக் கிளறி நீரைக் கலங்க வைக்கின்றன. எனவே அங்கே வெயில் ஏறி நீர் தெளியத் தொடங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களுக்காக மிதவைகள் காத்திருக்கின்றன.

ஆழம் மிகுந்த வடபகுதியில் நிலைமை வேறு. அங்கே வெயிலில் சூடேறிய மேல்நீர் இலேசாகி, குளிர்ந்த அடிநீரின் மீது தனியடுக்காக நிற்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அவ்வடுக்கு அமைந்ததும் மிதவைகள் ஒளியிலேயே தங்கிப் பெருகுகின்றன.

இந்த அடுக்கு எங்கே அமையும், எங்கே அமையாது என்பதை ஜான் சிம்ப்சன், ஜான் ஹன்டர் என்னும் இருவர் அயர்லாந்துக் கடலை ஆராய்ந்து 1974இல் விளக்கினர். ஆழமும் ஓத நீரோட்டத்தின் வேகமுமே இதைத் தீர்மானிக்கின்றன. வேகம் இரு மடங்கானால் கலக்கும் ஆற்றல் எட்டு மடங்காகிறது! ஆகவேதான் அருகருகே உள்ள இரு கடற்பகுதிகளிலும் வசந்தம் வெவ்வேறு விதமாக வருகிறது.

முதற் பந்தியும் இரண்டாம் பந்தியும்

பெருக்கம் தொடங்கியதும் முதற் பந்தியில் அமர்பவை டயாட்டம்கள். கண்ணாடிப் பேழை போன்ற ஓடுடைய இவை அவ்வோட்டைக் கட்டச் சிலிக்காவைப் பயன்படுத்துகின்றன. மேய்வோருக்கு மிகச் சிறந்த உணவும் இவையே. சில வாரங்களில் சிலிக்கா தீர்ந்து விடுகிறது. டயாட்டம்கள் ஓய்கின்றன.

மிஞ்சிய சத்துகளைக் கொண்டு இரண்டாம் பந்தியில் அமர்வது யார் என்பதே பெரிய கேள்வி. இங்கேதான் மனிதனின் கையும் நுழைகிறது. சிலிக்கா பாறைகளும் மண்ணும் கரைவதால் ஆற்றில் வருவது. நைட்ரஜனும் பாஸ்பரஸுமோ வயல்களின் உரத்திலிருந்தும் நகரங்களின் கழிவுநீரிலிருந்தும் ரைன் முதலிய ஆறுகளின் வழியே கூடுதலாக வந்து சேர்ந்தன. இதனால் சிலிக்கா தேவைப்படாத ஃபியோசிஸ்டிஸ் என்னும் பாசிக்குப் பெருவிருந்து கிடைத்தது. வழவழப்பான கூழ்க் கூட்டங்களாக வாழும் இது, ஏப்ரல், மே மாதங்களில் நெதர்லாந்து, பெல்ஜியக் கரைகளை நுரையால் மூடுகிறது.

இது வெறும் அழகுக் கேடு அன்று. 2001ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஊஸ்டர்ஸ்கெல்டா கழிமுகத்தில் இப்பாசி பெருகியதை அடுத்து, சுமார் ஒரு கோடி கிலோ சிப்பிகள் மடிந்தன. 2020 மே 11ஆம் நாள் ஸ்கெவனிங்கன் கரையில் பலத்த காற்று திரட்டிக் குவித்த நுரைக்குள் சிக்கி, கடலில் நன்கு பழகிய அலைச்சறுக்கு வீரர்கள் ஐவர் உயிரிழந்தனர். அந்நுரைக்கும் இப்பாசியே காரணமாயிருந்தது.

வடகடலைச் சுற்றியுள்ள நாடுகள் 1987ஆம் ஆண்டு இலண்டனில் கூடி, 1995க்குள் இவ்விரு சத்துகளின் வரவையும் பாதியாகக் குறைப்பதென முடிவு செய்தன. பாஸ்பரஸ் பெருமளவு குறைந்தது. நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒன்று குறைந்து மற்றொன்று நின்றதால் சத்துகளின் விகிதம் மாறியது. விகிதம் மாறினால் பந்தியில் அமர்வோரும் மாறுவர் அன்றோ!

மேய்வோரின் பங்கு

தாவர மிதவைகளை மேய்பவற்றுள் தலையானவை துடுப்புக்காலிகள் என்னும், அரிசியைவிடச் சிறிய உயிர்கள். ஜெர்மனியின் ஹெல்கோலாந்துத் தீவில் 1962 முதல் வேலைநாள்தோறும் கடல்நீரை எடுத்து ஆராய்ந்து வருகின்றனர். கடல் சூடேறினால் வசந்தம் முந்தி வரும் என்றுதானே நாம் எண்ணுவோம்? 2004இல் வெளியான அவர்களது ஆய்வோ, இலையுதிர் காலம் வெதுவெதுப்பாக இருந்த ஆண்டுகளில் டயாட்டம்களின் பெருக்கம் தாமதமானதைக் காட்டியது. வெதுவெதுப்பால் பிழைத்திருந்த மேய்வோர், பனிக்காலத்திலேயே விதைப்பயிரைத் தின்றிருக்கக் கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

நேரம் தவறிய விருந்து

வலீமா விருந்துக்கு அழைத்தோம் என்று வையுங்கள். சகன் பரிமாறி எடுத்த பின் விருந்தினர் வந்தால், எத்தனை ஆடு அறுத்திருந்தும் என்ன பயன்? கடலிலும் இதுவே நடக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் மீன்குஞ்சு, தன்னோடு ஒட்டிய கருவுணவு தீர்ந்ததும் இரை தேட வேண்டும். அந்த நாட்களே அதற்கு வாழ்வா சாவா என்னும் நாட்கள் என்று நார்வே அறிஞர் யோஹன் யோர்ட் 1914இல் எடுத்துரைத்தார். குஞ்சு வெளிவரும் நேரமும் இரை பெருகும் நேரமும் பொருந்தினால் அவ்வாண்டு மீன்வளம் செழிக்கும்; பொருந்தாவிடில் குன்றும் என்று ஆங்கில அறிஞர் டேவிட் குஷிங் பின்னர் விரித்துரைத்தார்.

வடகடலின் காட் மீனே இதற்குச் சான்று. அதன் குஞ்சுகளுக்கு வசந்தத்தில் பெருகும் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்னும் குளிர்நீர்த் துடுப்புக்காலி முதன்மையான உணவு. கடல் சூடேறவே அது வடக்கே ஒதுங்கியது. அதனிடத்தில் பெருகிய கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் என்னும் இனமோ கோடையின் இறுதியிலும் அதற்குப் பின்னருமே மிகுகிறது. குஞ்சுகள் பசித்திருக்கும் நேரத்தில் சகன் காலி! அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு ஒருபுறம் காட் மீனை வாட்ட, இம்மாற்றம் மறுபுறம் வாட்டியது என்பதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதனைக் கண்டறிய உதவியது எது தெரியுமா? ஆலிஸ்டர் ஹார்டி என்னும் அறிஞர் அமைத்த எளிய கருவி. சரக்குக் கப்பல்களின் பின்னே கட்டி இழுக்கப்படும் அப்பெட்டிக்குள் மெல்லச் சுருளும் பட்டுத்துணி மிதவைகளை வடித்துப் பதிந்து கொள்கிறது. 1931இல் வடகடலில் தொடங்கிய அப்பணி இன்றும் இங்கிலாந்தின் பிளிமத் நகரிலிருந்து நடைபெறுகிறது. பயன் உடனே தெரியாத போதும் தலைமுறை தலைமுறையாகப் பொறுமையுடன் குறித்து வைத்ததால்தான், கடலில் நேர்ந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்பட்டது.

ஒளி, ஆழம், நீரோட்டம், சத்துகளின் விகிதம், மேய்வோரின் பசி ஆகிய ஐந்தும் கூடியே கடலின் வசந்தத்தை அமைக்கின்றன. கடலில் உணவு எவ்வளவு விளைந்தது என்பது மட்டும் போதாது. எது விளைந்தது, எப்போது விளைந்தது என்பதே மீனின் வாழ்வையும், அதை நம்பி வலை வீசுவோரின் வாழ்வையும் முடிவு செய்கிறது. வயலில் இடும் உரமும் அடுப்பிலும் ஆலையிலும் எரியும் எரிபொருளும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பந்தி வரை சென்று சேர்கின்றன என்பதை நினைவில் கொள்வோம்.