குருவிக்கு நூல் வேண்டாம், நார் போதும்

முல்லைக் கொடிக்குத் தேரைத் தந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். கடையெழு வள்ளல்களின் இக்கதைகளைக் கீழ் வகுப்பிலிருந்தே நாம் படித்து வருகிறோம். பேகனின் அன்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் போர்வையால் மயிலுக்கு என்ன பயன்? பயன் இல்லாவிட்டாலும் அதனால் கேடும் இல்லை. இன்று நாம் பறவைகளுக்கு அறிந்தும் அறியாமலும் கொடுக்கும் நூலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் நம் தோட்டத்துப் பறவைகள் பல கூடு கட்டுகின்றன. தையல்சிட்டு அகன்ற இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சிழையாலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பை போலாக்கிவிடும். தேன்சிட்டு சிலந்தி வலையையும் நாரையும் சருகையும் சேர்த்துத் தொங்கும் கூடு அமைக்கும். சிட்டுக்குருவியோ வைக்கோல், இறகு, கந்தல் என்று எது கிடைத்தாலும் கொண்டுபோய்ச் சுவர்ப் பொந்தில் திணிக்கும்.

காஞ்சிபுரத்தில் அவற்றின் கண்ணில் முதலில் படுவது எது? நூல்தான்! பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறியில்லாத தெரு அரிது. புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைக்கும்போதும், அறுந்த இழையை முடியும்போதும் துண்டு நூல்கள் விழுகின்றன. அசல் ஜரிகையில் வெள்ளி இருப்பதால் அதன் துண்டைக்கூட யாரும் எறிவதில்லை. ஆனால் பட்டு இழையும் பிளாஸ்டிக் ஜரிகையும் குப்பையோடு குப்பையாகத் தெருவுக்கு வந்துவிடுகின்றன.

“பட்டு இயற்கைப் பொருள்தானே, அதனால் என்ன கெடுதல்?” என்று தோழியர் சிலர் கேட்கலாம். கெடுதல் பட்டில் இல்லை. அதன் நீளத்திலும் உறுதியிலும் இருக்கிறது. காஞ்சிப் பட்டு தலைமுறை தாண்டி உழைக்கிறது என்றால், அதன் இழை எளிதில் அறாது என்பதே காரணம். நமக்குப் பெருமை தரும் அந்த உறுதியே ஒரு குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் விலங்காகிவிடுகிறது. சிலந்தி நூல், குஞ்சு வளர வளர நெகிழ்ந்து கொடுக்கும். முறுக்கேறிய நூல் நெகிழாது. குஞ்சின் கால் பருக்கப் பருக்க அது இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். கால் கட்டுண்ட குஞ்சு, மற்றவை பறந்த பிறகும் கூட்டிலேயே தொங்கி மடியும். தாய்ப்பறவைக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது.

நூலால் பறவைகள் மடிவது நம் ஊரில் மட்டும் உள்ள கவலை அன்று. பட்டம் விடும் நைலான் நூலும் பிற செயற்கை நூலும் பறவைகளையும் மனிதரையும் அறுப்பதைக் கண்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ஆம் ஆண்டு அவற்றை நாடு முழுவதும் தடை செய்தது.

பெண்களாகிய நம் பங்கும் இதில் உண்டு. தலை வாரியபின் உதிர்ந்த கூந்தலைச் சுருட்டிக் கொல்லையில் எறிவது பல வீடுகளில் வழக்கம். நீண்ட தலைமுடியும் நூலைப் போலவே குஞ்சின் காலைச் சுற்றும். அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவது என்ன பெரிய வேலை?

2010-ஆம் ஆண்டு முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கூண்டுப் பெட்டி மாட்டுகிறவர்கள் அதற்குள் நூலையோ துணி நாடாவையோ வைக்க வேண்டாம். காய்ந்த அறுகம்புல், வைக்கோல், குட்டையாக நறுக்கிய தேங்காய் நார், மெல்லிய வேப்பங்குச்சி, உதிர்ந்த இறகு, சிறிது இலவம்பஞ்சு ஆகியவற்றை ஒரு மூங்கில் கூடையில் இட்டு, பூனைக்கு எட்டாத உயரத்தில், மழை படாமல் மாட்டினால் போதும். வேண்டியதைப் பறவையே எடுத்துக்கொள்ளும். கூட்டை எட்டிப் பார்ப்பதும் தொடுவதும் கூடாது. எல்லாப் பறவைக்கும் நம் கொடை தேவையுமில்லை. தூக்கணாங்குருவி பச்சைப் புல்லையும் பனையோலையையும் தானே கிழித்து நெய்துகொள்ளும். அந்த நெசவாளிக்கு நாம் பாவு தரவேண்டியதில்லை. பனைமரத்தை வெட்டாமல் விட்டாலே போதும்.

“நெசவாளர் பாடே பெரும்பாடாக இருக்கிறது, இதில் குருவியை யார் நினைப்பது?” என்று பெரியவர்கள் சொல்லலாம். அது நியாயமான கேள்வி. நாள் முழுதும் குழித்தறியில் உட்காருகிறவர்களிடம் புதுச் சுமையை ஏற்றுவது சரியாகாது. ஆகவே இந்த வேலையைப் பிள்ளைகளாகிய நாமே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. தறிக்குழி அருகில் ஒரு பழைய தகர டப்பா. அதில் அன்றன்று விழும் துண்டு நூல். மாலையில் அதை ஒரு விரற்கணு நீளத்துக்கு நறுக்கிக் குப்பையில் சேர்க்க ஐந்து நிமிடம். காசு செலவில்லை.

மனமிருந்தால் ஓர் ஊரே பறவைக்காக ஒன்றுபட முடியும். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறுக்காமல் முறையிட்டதால், 1798-ஆம் ஆண்டு செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். 2020-ஆம் ஆண்டு சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டியபோது, குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரார் விளக்கில்லாமல் இருந்தார்கள். அவர்கள் குருவிக்கு எதையும் வாங்கித் தரவில்லை. அதற்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே.

தோழியரே! அவர்கள் இருட்டைப் பொறுத்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு தகர டப்பாவும் ஐந்து நிமிடமும்தான். உலகெங்கும் மணமகளை அழகு செய்யும் காஞ்சிப் பட்டின் ஓர் இழைகூட ஒரு குஞ்சின் காலைக் கட்டாதிருக்கட்டும். இந்தப் பங்குனியிலேயே தொடங்குவோம்!