உப்பளக் கரைப் பிள்ளைகளுக்கு ஒரு பொது நூலகம்: மரக்காணம் கோரிக்கைச் சாசனம்

பொது நூலகத் துறைக்கும், பள்ளிக் கல்வித் துறைக்கும், மரக்காணம் பேரூராட்சிக்கும், ஒன்றியத்தின் ஊராட்சிகளுக்கும்:

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் மூண்ட சாதி மோதலில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. இழப்பீடு வீட்டைக் கட்டித் தரும். அக்கம்பக்கத்தைக் கட்டித் தராது. ஊர், காலனி, குப்பம் என்று பிரிந்து வளரும் பிள்ளைகள் பேர் சொல்லிப் பழக ஓர் இடம் வேண்டும். அது குழந்தைகள் நூலகமாக இருக்கட்டும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. போரில் இடிந்த மியூனிக் நகரில், 1946-ல், யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண்மணி முன்னாள் எதிரி நாடுகளிடமே குழந்தை நூல்களைக் கேட்டு வாங்கிக் கண்காட்சி வைத்தார். 1949-ல் அங்கே குழந்தைகளுக்கான பன்னாட்டு நூலகம் எழுந்தது. மன்னார்குடி அருகே மேலவாசலில் 1931-லேயே மாட்டுவண்டி நூலகம் ஓடியது. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-ல் தொடங்கியதே நம் முதலியார்குப்பத்தில்தான்.

எனவே கோருகிறோம்:

1. இடம்: எந்தப் பிள்ளையும் தயங்காமல் வரக்கூடிய பொது இடத்தில் குழந்தைகள் நூலகம் அமைய வேண்டும். உறுப்பினர் படிவத்தில் சாதி கேட்கக் கூடாது.

2. வண்டி: உப்பளக் குடியிருப்புகளுக்கும் குப்பங்களுக்கும் வாரந்தோறும் நடமாடும் நூலகம் வர வேண்டும். உப்பு வாருபவர்கள் விடியுமுன்பே பாத்திக்குப் போகிறவர்கள்; அதனால் வண்டி மாலையில் வரட்டும், அவர்களும் பிள்ளைகளோடு உட்காரட்டும்.

3. நூல்கள்: கடலும் உப்பளமும் கழுவெளி ஏரிப் பறவைகளும் வரும் படக்கதைகள் வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கதைநாயகர்களாக வர வேண்டும். நூல் தேர்வில் குழந்தைகளுக்கும் இடம் வேண்டும்.

4. காப்பு: உப்புக்காற்றில் இரும்பு பீரோ துருப்பிடித்துவிடும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையை யாரும் மறக்கவில்லை. தரையிலிருந்து உயர்த்திய மர அலமாரிகள் தேவை.

5. பணம்: சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அந்தத் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தவணை தவறாமல் போக வேண்டும். வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

6. வணக்க விழா: நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். மறுநாள் 21, உலக ஹலோ தினம். 1973-ல் எகிப்து–இஸ்ரேல் போரை ஒட்டி, ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு வணக்கம் சொல்வோம் என்று உருவான நாள் அது. மழையால் பாத்திகள் ஓய்ந்திருக்கும் காலம் என்பதால் பெற்றோரும் வீட்டில் இருப்பார்கள். எட்டு நாளும் விழா எடுங்கள். கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த தெருவில் பத்துப் பேருக்கு வணக்கம் சொல்லி, ஒரு வீட்டுத் திண்ணையில் கதை வாசிக்கட்டும்.

7. மரியாதை: பள்ளியிலும் நூலகத்திலும் எந்தத் தெருப் பெரியவரையும் "வாங்க" என்றே அழைக்கப் பழக்க வேண்டும். சாதி அடையாளக் கயிறுகளுக்கு எதிராக நீதிபதி சந்துரு குழு 2024-ல் தந்த பரிந்துரையை இங்கே நடைமுறைப்படுத்த வேண்டும்.

எங்கள் பங்கு: அடுத்த தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே எங்கள் பிள்ளைகளை அனுப்புவோம். வயதில் மூத்தவரைச் சாதி பார்த்து ஒருமையில் கூப்பிடும் வழக்கத்தை எங்கள் வீடுகளிலேயே முதலில் நிறுத்துவோம்.

நவம்பர் 1, உள்ளாட்சி தினக் கிராம சபையில் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மரக்காணம் கரையோரப் பெற்றோர், ஆசிரியர், உப்பளத் தொழிலாளர், மீனவர்