மாநாடு அவர்களுக்கு, நட்டம் நமக்கா?

விவசாயப் பெருமக்களே!

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் பெரிய கூட்டம் என்றால் வண்டி நிற்பது நம்ம வயலில்தான். சொர்ணவாரி நாற்று மிதிபடுது, வரப்பு உடையுது, போர் பைப்பு நொறுங்குது. கூட்டம் கலைஞ்சதும் கேட்க நாதியில்லை.

பயிர்க் காப்பீட்டில் வாங்கிக்கோ என்கிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீடு மழை, வெள்ளம், வறட்சி, பூச்சிக்குத்தான். ஆள் வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு அதில் காசு கிடையாது. 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமோ ஆபத்தான ரசாயன விபத்துக்கு மட்டும்.

அப்போ சட்டமே இல்லையா? இருக்கு! 1992 தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், கூட்டம் நடத்திய கட்சியிடமே நட்டஈடு வசூலிக்க வழி செய்கிறது. 2013 ஏப்ரல் 25 மாமல்லபுரம் மாநாட்டு நாளில் மரக்காணத்தில் வீடுகள் எரிந்தபின் அரசு இதைத்தான் கையில் எடுத்தது. சேதம் செய்தவரோடு அமைப்பாளரும் பொறுப்பு என்று 2009-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்க விதி வகுக்கச் சொன்னது.

பஸ் கண்ணாடிக்கு விலை உண்டு, நம்ம நாற்றுக்கு இல்லையா?

மாவட்ட நிர்வாகமே!

* வைப்புத்தொகையில் வயல் சேதத்தையும் சேர்!
* அமைப்பாளர் காப்பீடு எடுக்காமல் அனுமதி தராதே!
* மூன்று நாளில் வி.ஏ.ஓ.வை அனுப்பிச் சேதத்தை மதிப்பிடு!

சேதத்தைப் போட்டோ எடுங்க. சிட்டா, அடங்கலோடு செங்கல்பட்டு குறைதீர் கூட்டத்துக்குத் திரண்டு வாங்க!